முதல் வாக்கும் இரண்டாம் வாக்கும்

நம் நாட்டின் குடியரசுத் தலைவர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்று எவரேனும் கேட்டால், 'எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள்' என்று ஒரே வரியில் விடை கூறி நிறுத்திக்கொள்கிறோம். அதில் தவறில்லை. பொதுத் தேர்தலைப் போல் இத்தேர்தல் நம் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. தெருமுனைக் கூட்டமில்லை, ஒலிபெருக்கியின் ஓசையில்லை, நம் விரலில் மையும் படுவதில்லை. யார் நிற்கிறார்கள் என்று தெரிந்த அன்றே யார் வெல்வார் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது.

ஆயினும், ஒரே ஒரு முறை இந்த அமைதியான தேர்தல் நாட்டையே உலுக்கிவிட்டது. வாக்குகளை எண்ணி முடிக்கும்வரை முடிவு எவருக்கும் தெரியவில்லை. ஆளும் கட்சி அதனால் இரண்டாகப் பிளந்தது. அந்த 1969ஆம் ஆண்டுத் தேர்தலின் வரலாற்றை அறிந்துகொண்டால், குடியரசுத் தலைவர் தேர்தலின் நுட்பம் முழுவதையும் அறிந்துகொண்டவர்கள் ஆவோம்.

மக்கள் நேரே வாக்களிக்காதது ஏன்?

அரசியல் நிர்ணய சபையிலேயே இந்தக் கேள்வி எழுந்தது. நாட்டுத் தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்று பேராசிரியர் கே.டி. ஷா வாதாடினார். ஜவாஹர்லால் நேரு உடன்படவில்லை. ஆட்சிப் பொறுப்பு அமைச்சரவையிடமும் சட்டமன்றங்களிடமும் இருக்க வேண்டும் என்பதே நம் அமைப்பின் அடிப்படை. கோடிக்கணக்கான மக்களைத் திரட்டி ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அவருக்கு உண்மையான அதிகாரம் எதையும் கொடுக்காமல் உட்காரவைப்பது பொருந்தாது என்பது அவருடைய வாதம். அதுவே நிலைத்தது. 1952இல் நடந்த முதல் தேர்தலில் டாக்டர் ராஜேந்திர பிரசாத்தை எதிர்த்து நின்றவர்களுள் அதே ஷாவும் ஒருவர். தாம் ஏற்காத முறையிலேயே போட்டியிட்ட அவர் 92,827 வாக்கு மதிப்பே பெற்றார். ராஜேந்திர பிரசாத் பெற்றது 5,07,400.

'வாக்கு மதிப்பு' என்றோம். இச்சொல்லைச் சற்று விளக்க வேண்டும். பொதுத் தேர்தலில் ஒருவருக்கு ஒரு வாக்கு. இங்கோ ஒவ்வொருவர் வாக்குக்கும் ஒரு நிறை உண்டு. ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையை அம்மாநிலச் சட்டமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால், அங்குள்ள ஓர் உறுப்பினருடைய வாக்கின் மதிப்பு கிடைக்கும். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவரின் வாக்கு 144. உத்தரப் பிரதேச உறுப்பினரின் வாக்கு 174. எல்லாச் சட்டமன்ற உறுப்பினர்களின் மதிப்பையும் கூட்டி, அத்தொகையைப் பாராளுமன்றத்தின் இரு சபைகளிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்குச் சமமாகப் பங்கிடுகின்றனர். 1969இல் ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் வாக்கு 576 மதிப்புப் பெற்றிருந்தது. இவ்வாறு மாநிலங்கள் யாவும் ஒரு தட்டிலும், மத்தியப் பாராளுமன்றம் மறு தட்டிலும் சம எடையோடு நிற்கின்றன. நியமன உறுப்பினர்களுக்கு இதில் வாக்கில்லை.

வாக்களிக்கும் முறையும் வேறானது. சீட்டில் முத்திரை குத்துவதில்லை. வேட்பாளர் பெயர்களுக்கு நேரே 1, 2, 3 என்று தம் விருப்ப வரிசையை உறுப்பினர் எழுதுகிறார். முதல் விருப்பத்தை எழுதாவிட்டால் சீட்டு செல்லாது; மற்றவை அவரவர் விருப்பம். செல்லுபடியான மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் முதற் கணக்கிலேயே ஒருவர் பெற்றுவிட்டால் தேர்தல் முடிந்தது. பெறாவிட்டால், கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பத்தின்படி அவற்றை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பர். ஒருவர் பாதியைத் தாண்டும்வரை இது தொடரும்.

இன்னொரு செய்தியையும் இங்கே மனத்தில் இருத்த வேண்டும். இது இரகசிய வாக்கு என்று அரசியல் சட்டமே கூறுகிறது. 'இவருக்கே வாக்களி' என்று கட்சிக் கொறடா இத்தேர்தலில் ஆணையிட இயலாது.

ஒரு மறைவும் ஒரு வெற்றிடமும்

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் டாக்டர் ஜாகிர் ஹுசைன் 4,71,244 வாக்கு மதிப்புப் பெற்று வென்றார். எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நிற்பதற்காகவே உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பதவியைத் துறந்து வந்த சுப்பா ராவ் 3,63,971 பெற்றார். ஜாமியா மில்லியாவை வளர்ப்பதற்கே தம் இளமையைக் கொடுத்த அக்கல்விமான், இந்தியக் குடியரசுத் தலைவர் பதவிக்கு வந்த முதல் முஸ்லிம் ஆவார். இரண்டாண்டுகள் நிறைவதற்குப் பத்து நாட்கள் இருக்கையில், 1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் மாளிகையிலேயே அவர் மறைந்தார். தாம் வளர்த்த ஜாமியாவின் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

துணைத் தலைவர் வி.வி. கிரி பொறுப்பேற்றார். ஆறு மாதத்துக்குள் புதியவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். துணைத் தலைவரையே தலைவராக்குவது வழக்கமாகி வந்த காலம் அது. ஆனால் காங்கிரஸின் மூத்த தலைவர்கள் வேறு எண்ணினர். பிரதமர் இந்திரா காந்திக்கும் அவர்களுக்கும் இடையே பூசல் முற்றியிருந்த வேளை. ஜூலை 12 அன்று பெங்களூரில் கூடிய காங்கிரஸ் பார்லிமெண்டரி போர்டில் பிரதமர் ஜகஜீவன் ராமின் பெயரைச் சொன்னார். காமராஜர், மொரார்ஜி தேசாய் உள்ளிட்ட பெரும்பான்மையினரோ லோக்சபை சபாநாயகர் நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தனர். பிரதமர் தம் கட்சிக்குள்ளேயே தோற்றார்.

அதன்பின் நிகழ்ச்சிகள் நாள் கணக்கில் விரைந்தன. 16ஆம் தேதி மொரார்ஜியிடமிருந்து நிதித்துறை எடுக்கப்பட்டது. 19ஆம் தேதி பதினான்கு பெரிய வங்கிகள் அவசரச் சட்டத்தால் தேச உடைமையாயின. அச்சட்டத்தில் கையொப்பமிட்டவர் கிரி. மறுநாள் அவர் பதவியைத் துறந்து சுயேச்சை வேட்பாளராகக் களத்தில் நின்றார்.

தலைவர் மறைந்தார், துணைத் தலைவர் விலகினார், இனி நாட்டுத் தலைமையில் யார்? இத்தகைய நிலைக்கென்று அதே ஆண்டு மே மாதத்தில்தான் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அதன்படி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். ஹிதாயத்துல்லா குடியரசுத் தலைவரின் பொறுப்பை ஏற்று, ஆகஸ்ட் 24 வரை அதை வகித்தார். அரசியல்வாதிகள் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருந்த அந்த ஐந்து வாரங்களில், நாட்டின் உச்சிப் பதவி ஒரு நீதிபதியின் கையில் அமைதியாக இருந்தது.

வாக்குக்கு அலைந்த நாட்கள்

களத்தில் பதினைந்து பேர் நின்றனர். உண்மையான போட்டி மூவருக்கிடையில். காங்கிரஸ் வேட்பாளர் ரெட்டி, சுயேச்சையாகக் கிரி, ஜனசங்கமும் சுதந்திராக் கட்சியும் நிறுத்திய முன்னாள் நிதியமைச்சர் ஸி.டி. தேஷ்முக். இடதுசாரிகளும், தமிழ்நாட்டில் ஆட்சியிலிருந்த தி.மு.கழகமும், முஸ்லிம் லீகும் கிரியை ஆதரித்தன. தொழிற்சங்கத் தலைவராகப் பொதுவாழ்வில் வளர்ந்த கிரிக்கு அந்த ஆகஸ்டில் எழுபத்தைந்து வயது நிறைந்தது.

மக்களவையிலும் மாநிலங்களிலும் காங்கிரஸின் வலிமை 1967க்குப் பின் குறைந்திருந்தது. முதற் கணக்கிலேயே ரெட்டி வெல்வார் என்ற உறுதி இல்லை. எனவே காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா, ஜனசங்கத்தையும் சுதந்திராக் கட்சியையும் அணுகினார். 'முதல் வாக்கை உங்கள் தேஷ்முக்குக்குப் போடுங்கள். இரண்டாவது வாக்கை எங்கள் ரெட்டிக்குத் தாருங்கள்' என்பதே அவர் வேண்டியது. சட்டப்படி இதில் பிழை ஏதுமில்லை. இரண்டாவது விருப்பம் என்பதே இத்தகைய உடன்பாட்டுக்கு இடம் தருவதுதான்.

ஆனால் அந்தச் சந்திப்பே எதிரணிக்கு ஆயுதமாயிற்று. தம்மை வீழ்த்த வலதுசாரிகளோடு கைகோத்துவிட்டார்கள் என்று பிரதமர் தரப்பு முழங்கியது. ஜகஜீவன் ராமும் பக்ருத்தீன் அலி அகமதும் நிஜலிங்கப்பாவுக்குக் கடிதம் எழுதி விளக்கம் கேட்டனர். உறுப்பினர்களுக்குச் சுதந்திரமாக வாக்களிக்கும் உரிமை வேண்டும் என்றனர். இறுதியில் பிரதமரே, அவரவர் மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்று வெளிப்படையாகக் கூறிவிட்டார். ரெட்டியின் நியமனப் பத்திரத்தில் அவருடைய கையொப்பமும் இருந்தது என்பதை வாசகர்கள் இங்கே நினைவுகூர வேண்டும்.

எண்ணிக்கை சொன்ன கதை

ஆகஸ்ட் 16 அன்று டில்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும் வாக்குப்பதிவு நடந்தது. 20ஆம் தேதி டில்லியில் எண்ணினர். செல்லுபடியான மொத்த மதிப்பு 8,36,337. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. முதற் கணக்கில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769. எவரும் எல்லையைத் தொடவில்லை.

கீழிருந்தவர்கள் ஒவ்வொருவராக நீக்கப்பட்டனர். கடைசியாகத் தேஷ்முக்கின் சீட்டுகளும் பிரிக்கப்பட்டன. முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. எல்லைக் கோட்டைக் கிரி தாண்டியது வெறும் 1,908 மதிப்பால். அன்றைய கணக்கில் மூன்று பாராளுமன்ற உறுப்பினர்களின் வாக்குக்குச் சற்றே அதிகம். இருவருக்குமிடையே இருந்த வேறுபாடு 14,650; ஏறத்தாழ இருபத்தைந்து உறுப்பினர்களின் வாக்கு.

இவ்வெண்களை நாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். மற்றவர்களிடமிருந்து மாறிவந்த மதிப்பில் ரெட்டிக்குக் கிடைத்தது 91,879. கிரிக்குக் கிடைத்தது 18,562. அதாவது, மாறிய வாக்கில் நூற்றுக்கு 83 பங்கு ரெட்டிக்கே போயிற்று. நிஜலிங்கப்பா தேடிப்போன இரண்டாம் வாக்கு அவரை ஏமாற்றவில்லை. கேட்டது பெரும்பாலும் கிடைத்தது. கைவிட்டது சொந்த வீட்டின் முதல் வாக்குத்தான். காங்கிரஸ் உறுப்பினர்களில் பெருந்தொகையினர் தம் கட்சி வேட்பாளரை விட்டுக் கிரியின் பெயருக்கு நேரே 1 என்று எழுதினர். அயலாரின் இரண்டாம் வாக்குக்குக் கொடுத்த விலை, தம்மவரின் முதல் வாக்காக முடிந்தது. இதுவே அத்தேர்தலின் சாரம் என்று நாம் கருதுகிறோம்.

பின்விளைவுகள்

24ஆம் தேதி கிரி பதவியேற்றார். நவம்பரில் இந்திரா காந்தி கட்சியிலிருந்து விலக்கப்பட்டார்; காங்கிரஸ் இரண்டாயிற்று. தேர்தல் செல்லாது என்று தொடுக்கப்பட்ட வழக்கில், பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவரான கிரி தாமே உச்ச நீதிமன்றத்துக்கு வந்து சாட்சியம் அளித்தார். 1970இல் வழக்கு தள்ளுபடியாயிற்று.

எவரும் விளையாட்டாகப் போட்டியிட்டுவிடக் கூடாது என்று 1974இல் விதிகள் இறுக்கப்பட்டன. முன்மொழியப் பத்து உறுப்பினர்கள், வழிமொழியப் பத்து உறுப்பினர்கள், 2,500 ரூபாய் முன்பணம் என்று வகுத்தனர். 1997இல் அது ஐம்பதும் ஐம்பதும், 15,000 ரூபாயுமாக உயர்ந்தது. வாக்கு மதிப்பைக் கணக்கிட 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையே கொள்ளப்பட வேண்டுமென்று 1976இல் திருத்தினர். குடும்பக் கட்டுப்பாட்டைச் செவ்வனே நடத்திய மாநிலங்கள் அதனால் செல்வாக்கை இழந்துவிடலாகாது என்பதே காரணம். அக்கணக்கில் தமிழ்நாட்டு உறுப்பினரின் வாக்கு 176, உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7.

1977இல் மறுபடியும் ஒரு குடியரசுத் தலைவர் பதவியிலிருக்கையில் மறைந்தார். அவர், 1969இல் சுதந்திர வாக்கு கேட்டுக் கடிதம் எழுதியவர்களுள் ஒருவரான பக்ருத்தீன் அலி அகமது. அடுத்த தேர்தலில் 37 பேர் மனுச் செய்தனர். 36 மனுக்கள் தள்ளப்பட்டன. எஞ்சியவர் போட்டியின்றித் தேர்வு பெற்றார். அவர் வேறு யாருமல்லர். எட்டாண்டுகளுக்கு முன் தோல்வியுற்ற அதே நீலம் சஞ்சீவ ரெட்டிதான்! எந்த மாளிகையின் வாசல் 14,650 மதிப்பால் அவருக்கு மூடப்பட்டதோ, அதே வாசல் ஒரு வாக்குச் சீட்டும் எழுதப்படாமலே திறந்தது.

1969க்குப் பிறகு 2022 வரை நடந்த எந்தத் தேர்தலிலும் இரண்டாவது விருப்பத்தை எண்ணும் தேவை எழவில்லை. 2022இல் திரௌபதி முர்மு 6,76,803 மதிப்புப் பெற்று முதற் கணக்கிலேயே வென்றார். ஆகவே, பயன்படாத ஒரு விதியாகவே அது பலருக்கும் தோன்றலாம்.

நாம் அவ்வாறு எண்ணவில்லை. உறுப்பினரின் கையிலுள்ள வாக்கு அவருடைய சொந்தப் பொருளன்று. மக்கள் அவரிடம் ஒப்படைத்த அமானிதம். அதைக் கட்சி கேட்கும், தலைவர் கேட்பார், பேரம் பேசுவோரும் கேட்பர். மனச்சாட்சி என்ற சொல்லைக்கூட 1969இல் ஒரு தரப்பு தன் வெற்றிக்காகவே எடுத்தாண்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், திரைக்குப் பின்னே எழுதுகோலும் கையுமாக உறுப்பினர் தனித்து நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில், அவருக்கு ஆணையிட எவராலும் இயலாதவாறு சட்டம் காவல் நிற்கிறது. அந்த நிமிடத்தை அவர் எவ்வாறு பயன்படுத்தினார் என்பதை நாம் ஒருபோதும் அறியப்போவதில்லை. யாரை அங்கே அனுப்புகிறோம் என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. குடியரசுத் தலைவர் தேர்தலின் முதல் வாக்கு, நம் தொகுதியில் நாம் அளிக்கும் வாக்குத்தான்.