ரிஸ்பாள்

ரிஸ்பாள், எபிரேய மறைநூலின் இரண்டாம் சாமுவேல் நூலில் வரும் ஒரு தாய். ஆயா என்பவரின் மகள். இஸ்ரவேலின் முதல் அரசன் சவுலின் மறுமனையாட்டி. கொல்லப்பட்டு அடக்கம் மறுக்கப்பட்ட தன் இரு மகன்களின் உடல்களையும், உடன் கிடந்த வேறு ஐந்து பேரின் உடல்களையும் பறவைகளும் விலங்குகளும் தீண்டாதபடி, அறுவடைத் தொடக்கத்திலிருந்து மழை வரும்வரை பாறையின்மேல் இருந்து காத்தவள். அவளைப் பற்றிய குறிப்பு மறைநூலில் இரண்டே இடங்களில்தான் உண்டு. இரண்டிலும் அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

முதல் குறிப்பு மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. சவுல் கில்போவா மலைப் போரில் மாண்டபின் அவன் மகன் இஸ்போசேத் அரியணை ஏறினான். தந்தையின் மறுமனையாட்டியோடு உறவு கொண்டதாகப் படைத்தலைவன் அப்னேர்மீது அவன் குற்றம் சாட்டினான். இறந்த அரசனின் பெண்ணை எடுத்துக்கொள்வது அரியணைக்கே உரிமை கோருவதாகக் கருதப்பட்ட காலம் அது. சினமுற்ற அப்னேர் போட்டி அரசனான தாவீதின் பக்கம் சாய, சவுல் வீட்டின் ஆட்சி சரிந்தது. நடந்தது என்ன என்று ரிஸ்பாளிடம் யாரும் கேட்டதாக நூல் சொல்லவில்லை. இரு ஆண்களின் அதிகாரப் பூசலில் அவள் பெயர் அடிபட்டது, அவ்வளவே.

பஞ்சமும் ஏழு பேரும்

இரண்டாம் குறிப்பு 21ஆம் அதிகாரம். தாவீதின் ஆட்சியில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பஞ்சம் வாட்டியது. சவுல் கிபியோனியரைக் கொன்ற பழியே அதற்குக் காரணம் என்று தாவீதுக்கு இறைவாக்கு கிடைத்தது. கிபியோனியர் இஸ்ரவேலர் அல்லர். யோசுவாவின் காலத்தில் ஆணையிட்டு அளிக்கப்பட்ட உடன்படிக்கையின்கீழ் அவர்களிடையே வாழ்ந்தவர்கள். இழப்பீடாக என்ன வேண்டும் என்று தாவீது கேட்டபோது, பொன்னும் வெள்ளியும் வேண்டாம், சவுலின் வழிவந்த ஏழு ஆண்களைக் கொடு என்றார்கள். அரசன் இசைந்தான்.

சவுலின் மகன் யோனத்தானுக்குக் கொடுத்த வாக்கை எண்ணி அவன் மகன் மேவிபோசேத்தைத் தாவீது தப்பவிட்டான். ரிஸ்பாளின் மகன்கள் அர்மோனி, அதே மேவிபோசேத் என்ற பெயருடைய மற்றொருவன் ஆகிய இருவரும், சவுல் மகளின் ஐந்து பிள்ளைகளும் ஒப்படைக்கப்பட்டார்கள். அந்த ஐவரின் தாய் யார் என்பதில் பிரதிகள் வேறுபடுகின்றன. பெரும்பாலான எபிரேயப் பிரதிகளில் மீகாள் என்றிருக்கிறது. ஆனால் ஐவரின் தந்தையான ஆதரியேலை மணந்தவள் மேரப் என்று முதலாம் சாமுவேல் கூறுவதாலும், சில பிரதிகளில் அப்பெயரே காணப்படுவதாலும், அறிஞர் பலர் மேரப் என்றே கொள்கின்றனர்.

வாற்கோதுமை அறுப்பு தொடங்கும் நாள்களில் எழுவரும் மலைமேல் கொல்லப்பட்டார்கள். தூக்கிலிடப்பட்டார்களா, கழுவேற்றப்பட்டார்களா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இடம் சவுலின் ஊரான கிபியா என்கிறது எபிரேய மூலம். கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து கிபியோன் என்கிறது.

பாறையின்மேல்

மரத்தில் தூக்கப்பட்டவன் உடல் இரவு தங்கக் கூடாது, அன்றே அடக்கம் செய்ய வேண்டும் என்பது உபாகமச் சட்டம். இங்கே அது பின்பற்றப்படவில்லை. ரிஸ்பாள் துக்கத்துக்கு உடுத்தும் இரட்டுத் துணியை எடுத்துப்போய்ப் பாறைமேல் விரித்துக்கொண்டாள். பகலில் பறவைகளையும் இரவில் காட்டு விலங்குகளையும் அண்டவிடாமல் விரட்டினாள். வாற்கோதுமை அறுப்பு ஏறத்தாழ ஏப்ரல் மாதத்தில் வருவது, பருவமழை அக்டோபரில். இதனால் அவள் ஆறு மாதம் காத்தாள் என்பது மரபான கணக்கு. பருவம் தவறிய மழை முன்பே பெய்திருக்கலாம் என்போரும் உளர். எத்தனை நாள் என்று நூல் சொல்லவில்லை.

சில வாரங்கள் மட்டுமே என்று வைத்துக்கொண்டாலும் அவள் செய்ததன் கடுமை குறைவதில்லை. கோடை வெயில், அழுகும் உடல்கள், உறக்கமற்ற இரவுகள். இவற்றோடு அரசியல் ஆபத்தும் இருந்தது. வீழ்ந்த அரசகுலத்தின் விதவை, ஆளும் அரசன் ஒப்புக்கொடுத்தவர்களுக்காக எல்லார் கண்ணெதிரே அமர்ந்திருந்தாள். தன் பிள்ளைகளையும் பிறர் பிள்ளைகளையும் அவள் பிரித்துப் பார்க்கவில்லை. எழுவரையும் காத்தாள்.

செய்தி தாவீதின் காதுக்கு எட்டியது. அதன் பிறகே அவன் அசைந்தான். கில்போவாப் போரில் வென்ற பெலிஸ்தர் பெத்சானில் தொங்கவிட்ட சவுல், யோனத்தான் உடல்களை யாபேஸ் கீலேயாத் ஊரார் முன்பு இரவோடிரவாக எடுத்துச் சென்றிருந்தார்கள். அவர்களிடமிருந்து அந்த எலும்புகளைத் தாவீது வரவழைத்தான். கொல்லப்பட்ட எழுவரின் எலும்புகளும் திரட்டப்பட்டன. பென்யமீன் நாட்டுச் சேலாவில், சவுலின் தந்தை கீசின் கல்லறையில் அடக்கம் நடந்தது. அதற்குப் பின்பே தேசத்துக்கான வேண்டுதலைக் கடவுள் கேட்டார் என்று நூல் எழுதுகிறது. இந்த வரிசை முக்கியமானது. எழுவரின் சாவோடு கதை முடியவில்லை. இறந்தோருக்குரிய மரியாதை செய்யப்பட்ட பிறகே தேசத்துக்கு விடிவு வந்தது. அந்த மரியாதைக்கு அரசனை இட்டுச் சென்றவள் ரிஸ்பாள்.

பிற்கால வாசிப்புகள்

தந்தையின் குற்றத்துக்குப் பிள்ளைகள் கொல்லப்படலாகாது என்ற உபாகம விதியும் இங்கே மீறப்பட்டிருப்பது யூத அறிஞர்களை உறுத்தியது. தல்மூதின் எபாமோத் பகுதி இரு மீறல்களையும் விவாதிக்கிறது. அந்நியருக்கு இழைத்த அநீதியை இஸ்ரவேல் பொறுக்காது என்பதை உலகம் காணும்படி உடல்கள் விடப்பட்டன என்பது அங்கே தரப்படும் விளக்கம். இக்கால ஆய்வாளர் சிலர், போட்டிக் குலத்து வாரிசுகளை ஒழிக்க இந்நிகழ்வு தாவீதுக்கு வாய்ப்பானது என்று கருதுகின்றனர். சவுல் வீட்டாரின் இரத்தப்பழி தாவீதின்மேல் இருப்பதாகச் சவுல் குலத்தவனான சீமேயி தூற்றும் பகுதியை (2 சாமுவேல் 16) இதனோடு இணைத்துப் படிக்கின்றனர். தாவீதின் வரலாற்றை மீண்டும் சொல்லும் நாளாகம நூலில் பஞ்சமும் இல்லை, ரிஸ்பாளும் இல்லை.

ஆங்கில ஓவியர் டர்னர் 1808ஆம் ஆண்டளவில் அவள் காவலைத் தீட்டினார். தூக்கிலிடப்பட்ட மகனின் எலும்புகளை இரவில் பொறுக்கிப் புதைக்கும் ஆங்கிலத் தாயொருத்தியைப் பற்றி டென்னிசன் 1880இல் வெளியிட்ட கவிதைக்கும் ரிஸ்பாள் என்றே பெயர்.