உப்புக் காற்று தொடாத தங்கம்

மரக்காணத்து உப்புக் காற்று செம்பை விட்டுவைக்காது. பாத்தியில் உப்பு வாருகிறவரின் மடியில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த நோக்கியாவைத் திறந்தால், செம்பு வெளியே தெரிகிற இடமெல்லாம் பச்சை பூத்திருக்கும். பொத்தான்களுக்கு அடியில் உள்ள சின்ன வட்டங்கள் மட்டும் பெரும்பாலும் மஞ்சளாகவே மின்னும். அவற்றின் மேல் பூசியிருப்பது தங்கம். துருவுக்கு அஞ்சித்தான் அதை அங்கே பூசினார்கள்.

அந்த போன் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்ததாக இருக்கலாம். நோக்கியா ஆலை அங்கே 2006 முதல் 2014 வரை இயங்கியது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் 2006ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஒரு கைப்பேசியில் சராசரியாக 16 கிராம் செம்பு, 0.35 கிராம் வெள்ளி, 0.034 கிராம் தங்கம். முப்பது போனுக்கு ஒரு கிராம் தங்கம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறை உடைத்த கோலார் தங்கவயல் 2001இல் மூடப்பட்டபோது, ஒரு டன் பாறைக்குச் சில கிராம்தான் தேறியது. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு செத்த போனைக் குப்பை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

செத்த போன் யார் கைக்குப் போகிறது என்பதில் எல்லாம் இருக்கிறது. ஆரோவில்லில் பிரித்துவைத்த குப்பையை ஈகோ சர்வீஸ் என்ற அமைப்பு வாங்கிக்கொள்கிறது. மற்ற ஊர்களில் பெரும்பாலும் பழைய இரும்புக் கடைதான். அங்கிருந்து நகரத்துச் சந்துக்குப் போனால் ஒயரை எரித்துச் செம்பு எடுப்பார்கள். மின்சுற்றுப் பலகையை ராஜதிராவகத்தில் போடுவார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்தது. ஹைட்ரோகுளோரிக்கின் குளோரின் உப்பிலிருந்து வந்தது. உப்புக் காற்றால் முடியாததை, உப்பில் பிறந்த அமிலம் செய்துவிடுகிறது. புகையை உறிஞ்சுவது தொழிலாளியின் நெஞ்சு. மிச்ச அமிலம் சாக்கடைக்கு.

உரிமம் பெற்ற மறுசுழற்சியாளர் கைக்குப் போனால் பயணம் நீளம். இந்தியாவில் கழற்றிய பலகைகள் பெல்ஜியத்தின் ஹோபோக்கன் உலை வரைக்கும் கப்பலேறியிருக்கின்றன. அங்கே உருகும் உலோகக் குழம்பு தங்கத்தையும் வெள்ளியையும் பல்லேடியத்தையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும்; பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பார்கள்.

அந்த நல்ல உலையிலும் டாண்டலம் மீட்கப்படுவதில்லை. மின்தேக்கிக்குள் இருக்கும் அந்த உலோகம் கசடோடு கசடாகப் போய்விடும். காங்கோவில் மனிதர்கள் கையால் தோண்டி எடுத்ததாகவும் அது இருக்கலாம். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்திய மின்கழிவு விதிகளின்கீழ் மறுசுழற்சிச் சான்றிதழ் கணக்கிடப்படுவது தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகிய நான்குக்குத்தான். ஐந்தாவதாக டாண்டலத்தையும் அதில் சேர்க்க வேண்டும்.