பொங்கல் சாப்பிட்ட கழுகுகள்

திருக்கழுக்குன்றத்து மலைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு விருந்தாளிகள் வருவார்கள். உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால். 500க்கும் மேற்பட்ட படிகள் ஏறி வேதகிரீஸ்வரரைப் பார்த்துவிட்டு வந்த கூட்டம், சுடுகிற பாறையைச் சுற்றி நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அரிசி, கோதுமை, நெய், சர்க்கரை சேர்த்துச் சமைத்ததைப் பாத்திரத்தில் வைத்துக்கொண்டு பூசாரி காத்திருப்பார். முதலில் ஒரு புள்ளி தெரியும். பிறகு இன்னொன்று. வெள்ளை உடம்பு, இறக்கை ஓரத்தில் கறுப்பு, மஞ்சள் முகம். இறங்கும், பாறையில் அசைந்து அசைந்து நடந்து வரும், கைக்கு எட்டும் தூரத்தில் நின்று சாப்பிடும், போய்விடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைப் புகைப்படம் எடுத்திருக்கிறார்கள். ஊருக்குப் பட்சி தீர்த்தம் என்றே இன்னொரு பெயர்.

1990களில் அவை வருவது நின்றுபோனது.

தலபுராணம் இதற்கு முன்பே ஒரு கணக்கு வைத்திருந்தது. சாபம் பெற்ற எட்டு முனிவர்கள், யுகத்துக்கு இரண்டு பேராகக் கழுகு வடிவம் எடுத்து இங்கே வந்து பூசை செய்து முக்தி பெறுவார்கள். திரேதா யுகத்தில் வந்தவர்கள் சம்பாதியும் சடாயுவும். கடைசி ஜோடி கலியுகத்துக்கு உரியது. காலையில் கங்கையில் குளியல், மதியம் இங்கே சாப்பாடு, சாயங்காலம் ராமேஸ்வரம், ராத்திரி சிதம்பரம் என்று ஒரு பயண அட்டவணையும் உண்டு. சொல்கிற ஆளைப் பொறுத்து ஊர்களின் வரிசை மாறும். என்றைக்காவது பறவை வரவில்லை என்றால், கூட்டத்தில் யாரோ பாவி இருக்கிறான் என்று அர்த்தம். வெயிலில் காத்திருந்து ஏமாந்தவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

எத்தனை நூற்றாண்டாக இந்தச் சாப்பாடு நடந்தது? கோயிலில் கேட்டால் யுகக் கணக்கு சொல்வார்கள். கல்வெட்டு அவ்வளவு தாராளம் இல்லை. ஊர்ப்பெயர் பழையது, அதில் சந்தேகமே வேண்டாம். தேவார மூவரும் பாடிய தலம். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ராஜகேசரியின் கல்வெட்டில் திருக்கழுக்குன்றம் என்ற பெயர் இருக்கிறது. பல்லவர் காலக் கொடை ஒன்றைச் சோழன் புதுப்பித்துத் தருவதைச் சொல்லும் கல்வெட்டு அது. மலையில் உள்ள ஒருகல் மண்டபத்தின் சுவர்களில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்தில் அவர்களுக்குக் கோட்டை இருந்தது. சுற்றுலாப் போன இடத்தில் பெயர் கிறுக்கும் வழக்கம் நம்ம ஆட்கள் கண்டுபிடித்தது இல்லை. இந்தப் பெயர்கள் எதுவும் பறவைக்கு உணவு வைத்ததற்குச் சாட்சி ஆகாது. குன்றில் கழுகுகள் இருந்தன, அதைப் பார்த்து ஜனங்கள் பெயர் வைத்தார்கள் என்பதற்கு மட்டும் ஊர்ப்பெயர் சாட்சி. எனக்கு அதுவே போதும். இந்தப் பறவை பாறை இடுக்குகளில் கூடு கட்டும். செங்குத்தான குன்று அதற்கு வீடு மாதிரி. கோயில் பறவையைத் தேடிப் போனதா, பறவை கோயிலைத் தேடி வந்ததா என்று கேட்டால், நான் பறவை பக்கம்தான் நிற்பேன்.

எந்தப் பறவை? கழுகு என்ற ஒற்றைச் சொல்லில் நாம் இரை அடித்துத் தின்பதையும் செத்ததைத் தின்பதையும் சேர்த்துப் போட்டுவிடுகிறோம். சங்கப் புலவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவு. பருந்து வேறு, எருவை வேறு, பாறு வேறு. போர்க்களத்துப் பிணங்களுக்கு மேல் வட்டமிடுவதைப் பாறு என்றார்கள். இன்றைக்குப் பறவை ஆர்வலர்கள் அந்தச் சொல்லைத்தான் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். திருக்கழுக்குன்றத்துக்கு வந்தது மஞ்சள்முகப் பாறு.

இந்த இனத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இன்னொரு உறவு இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் அதே இனம்தான் இந்தியாவிலும் இருக்கிறது. நம் பறவை உருவத்தில் கொஞ்சம் சிறியது, அலகு முழுக்க மஞ்சள். அந்த வேறுபாட்டுக்காக இதற்குத் தனி உட்பிரிவு, அதன் அறிவியல் பெயர் ஜிஞ்சினியானஸ். ஜிஞ்சி என்பது வேறெதுவும் இல்லை, நம்ம செஞ்சிதான். புதுச்சேரிப் பக்கம் சுற்றிய பிரெஞ்சுக்காரர் பியர் சொன்னெரா, 1782இல் வெளியிட்ட பயண நூலில் செஞ்சிக் கழுகு என்று இதை வர்ணித்தார். அதை வைத்து ஆங்கிலேயர் ஜான் லேதம் 1790இல் லத்தீன் பெயர் சூட்டினார். தேசிங்கு ராஜன் கோட்டையின் பெயர் உலகத்து அருங்காட்சியகங்களில் ஒரு பிணந்தின்னிப் பறவையின் காலில் கட்டிய சீட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சரி, அதே இரண்டு பறவைகள்தான் காலங்காலமாக வந்தனவா? கூண்டில் வளர்ந்த மஞ்சள்முகப் பாறு முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. ஜோடி சேர்ந்தால் எளிதில் பிரியாது. ஒரு இடத்தைப் பிடித்தால் வருஷக்கணக்கில் விடாது. தாத்தா சின்ன வயதில் பார்த்த ஜோடியை அப்பாவும் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. ஒன்று செத்தால் அந்த இடத்துக்கு வேறொன்று வரும். குஞ்சு பிறக்கும்போது வெள்ளை இல்லை, அழுக்குப் பழுப்பு. முழு வெள்ளையாக நான்கைந்து வருஷம் ஆகும். ஆகவே பாறையில் வந்து உட்காரும் பெரிய பறவைகள் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். புராணம் பொய் சொன்னது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாற்காலி எப்போதும் காலியாக இருக்கவில்லை என்பதை அது சரியாகவே கவனித்திருக்கிறது.

ஆனால் புராணம் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நெய்ப்பொங்கல் இந்தப் பறவைக்கு ஒரு கொறிப்பு, அவ்வளவுதான். அதன் சமையலறை மலைக்குக் கீழே, ஊருக்கு வெளியே இருந்தது. செத்த மாட்டைக் கொண்டுபோய்ப் போடும் திடல், குப்பைமேடு, மனிதரும் மாடும் கழித்த மலம். அந்த மஞ்சள் முகம் இருக்கிறதே, பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்ட முகம், அதன் நிறமே சாணத்திலிருந்து வருகிறது. மாட்டுச் சாணத்தில் இருக்கும் கரோட்டினாய்டு நிறமிகளுக்காகவே இவை சாணம் தின்கின்றன என்று 2002இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். செத்த மாட்டை இழுத்துப் போவதையும் தோல் உரிப்பதையும் நம் சமூகம் யார் தலையில் கட்டியது என்பது உங்களுக்குத் தெரியும். தோலை எடுத்த பிறகு மீந்த உடலை முடித்து வைத்தவை பாறுகள். முனிவர்களை உயிரோடு வைத்திருந்தவர்கள் அந்த மனிதர்கள்தான் என்று எந்தத் தலபுராணமும் பாடவில்லை. மலைமேல் சுத்தம், மலைக்குக் கீழே தீட்டு. பறவைக்கு மட்டும் இரண்டு இடத்திலும் இலை போட்டிருந்தது.

அந்தக் கீழ்ப்பந்தியில்தான் விஷம் கலந்தது.

1990களில் ராஜஸ்தானின் பரத்பூரில் கேவலாதேவ் பூங்காவில் விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் பாறுகள் கழுத்து தொங்கி மரத்தில் உட்கார்ந்திருப்பதையும், செத்துக் கீழே விழுவதையும் பார்த்தார். 1980களில் அதே பூங்காவில் அவரே நூற்றுக்கணக்கான கூடுகளை எண்ணியிருந்தார். இப்போது எண்ணுவதற்கே ஆள் இல்லை. கிருமியாக இருக்கலாம் என்று தேடினார்கள். பூச்சிக்கொல்லியா என்று பார்த்தார்கள். அகப்படவில்லை. பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் அறுத்துப் பார்த்த உடல்கள் பலவற்றில் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செத்துப்போனதற்கான அடையாளம். அவர்கள் அடுத்துச் செய்த காரியம் எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்தது. கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக்கடைகளிலும் போய், மாட்டுக்கு என்ன மருந்து விற்கிறீர்கள் என்று கேட்டார்கள். சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியதாக, எங்கும் விற்பதாக ஒரே ஒரு பெயர் தேறியது. டைக்ளோஃபெனாக். மூட்டுவலிக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் அதே வலிநிவாரணி. முடிவு 2004இல் நேச்சர் இதழில் வெளியானது.

மடி வீங்கிய மாட்டுக்கும் நொண்டும் எருதுக்கும் ஊசி போடுவார்கள். மாடு பிழைத்தால் சரி. பிழைக்காமல் ஓரிரு நாளில் செத்தால், உடலில் மருந்து இருக்கும். ஒரு செத்த மாட்டைச் சுற்றி ஐம்பது, நூறு பாறுகள் உட்காரும். கணக்குப் போட்டவர்கள் சொன்னது இது: சரிவு முழுவதையும் விளக்க, நூறு உடலில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே போதும். பாறு மெதுவாகப் பெருகும் சாதி. பெரிய பாறுகள் வருஷத்துக்கு ஒரு முட்டைதான் இடும். வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் நடுவே இந்தியாவில் 99.9 சதவீதம் அழிந்தது. ஆயிரத்தில் ஒன்று மிச்சம். மஞ்சள்முகப் பாறு 2003க்குள் ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்தது.

திருக்கழுக்குன்றத்து ஜோடியைக் கொன்றது இந்த மருந்துதான் என்று நான் எழுதினால் அது அடுத்த தலபுராணம் ஆகிவிடும். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. வேறு காரணத்தால் செத்திருக்கலாம். நான் கேட்பது வேறு. முன்பெல்லாம் ஒன்று செத்தால் நாற்காலியில் உட்கார இன்னொன்று வந்ததே, இந்த முறை ஏன் வரவில்லை? வருவதற்குச் சுற்றுவட்டாரத்தில் மிச்சம் இல்லை. இரண்டு பறவைகளுக்கு நேரம் தவறாமல் சோறு வைத்த ஊர், அந்த இரண்டுக்குப் பின்னால் இருந்த கூட்டத்தை எண்ணவே இல்லை. மலைக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்தது இரண்டைத்தான். கலி முற்றிவிட்டது என்றார்கள், பாவம் பெருகிவிட்டது என்றார்கள். வராத பறவைக்குப் பாவியைத் தேடும் பழைய பழக்கம் அங்கேயும் வேலை செய்தது.

பறவை உண்மையிலேயே தேவைப்பட்டவர்களுக்கு இந்த ஆறுதல் கிடைக்கவில்லை. மும்பையில் பார்சிகள் இறந்தவர்களைப் பாறுகளுக்குக் கொடுப்பவர்கள். அமைதிக் கோபுரங்களில் உடல்கள் அப்படியே கிடந்தன. சூரிய ஒளியைக் குவித்து உலர்த்தும் கருவிகளை வைக்க வேண்டிவந்தது. கிராமங்களில் மாட்டுடல் கிடந்து அழுகியது, தெருநாய் பெருகியது. பாறுகள் மறைந்த மாவட்டங்களில் 2000 முதல் 2005 வரை ஐந்து லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024இல் இரண்டு பொருளியலாளர்கள் மதிப்பிட்டார்கள். பிணந்தின்னி என்பதை வசவாக வைத்திருக்கும் நாம் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.

2006இல் கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. உடனே ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். மனிதருக்கான மருந்து பெரிய புட்டிகளில் வந்தது, அதை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். மனிதருக்கு ஒரு ஊசிக்கு 3 மில்லி போதும். 2015இல் அதற்கு மேல் கொள்ளளவுள்ள புட்டியைத் தடுத்தார்கள். மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்றது. 2023இல் அசெக்ளோஃபெனாக்கும் கீட்டோபுரோஃபெனும் கால்நடைக்குத் தடையாயின. பாறுவுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பாறுகள் இன்றைக்கும் கூடு கட்டுவது நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில். நதியோர மருத மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறு கூடு வைக்கிறது. சுற்றியுள்ள ஊர்களில் பாறு காக்கும் வேலையில் இருப்பவர்கள் மாட்டுக்காரர்களிடம் போய்ப் பேசுகிறார்கள். புலி அடித்த மாட்டின் மேல் கோபத்தில் விஷம் தடவாதீர்கள், செத்த மாட்டைப் புதைக்காமல் விடுங்கள், ஊசி போட்டால் என்ன மருந்து என்று கேளுங்கள். மருந்துக்கடைக்காரர்களிடமும் போகிறார்கள். மெலாக்சிகம் இருக்கிறதா, பெரிய புட்டி விற்கிறீர்களா என்று விசாரிக்கிறார்கள்.