கழிக்க வேண்டியவை எவை?

2019ஆம் ஆண்டு ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இந்திய மூளைக்கென ஒரு வரைபடத் தொகுப்பை வெளியிட்டபோது, செய்தித்தாள்கள் அதிலிருந்து ஒரு வரியைப் பற்றிக்கொண்டன: இந்தியரின் மூளை மேலைநாட்டார், சீனர், கொரியர் மூளைகளைவிடச் சராசரியில் சிறியது. திமிரி வரைக்கும் அந்த வரி வந்து சேர்ந்தது. ஆய்வின் நோக்கமோ வேறு. நம் நோயாளியின் படத்தை மாண்ட்ரியலில் உருவான மாதிரியோடு ஒப்பிட்டால் இயல்பான மூளையும் சுருங்கியதாகத் தோன்றக்கூடும்; இல்லாத மறதிநோயை இருப்பதாகக் கொள்ள நேரும். ஆகவே நூறு இளையோரை, ஆண் பெண் சரிபாதியாக, மூன்று மருத்துவமனைகளின் வெவ்வேறு ஸ்கேன் கருவிகளில் படமெடுத்தார்கள். வயதும் பாலும் கருவியும் முடிவைக் குழப்பிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. உயரமானவர்க்குத் தலையும் சற்றுப் பெரிது என்ற எளிய உண்மை செய்தித் தலைப்பில் ஏறுமா என்ன?

முடிவைக் குழப்பக்கூடிய இத்தகைய கூறுகளை ஆய்வுலகம் மாறிகள் என்கிறது. ஒப்பிடுமுன் எவற்றைச் சமன்செய்வது என்பதில் மனிதச் சார்பு எப்படி நுழையும் என்பதற்குப் பால் புரோக்காவைவிடத் தெளிவான சான்று கிடையாது. 1861இல் பாரிஸில் நடந்த விவாதத்தில் கிராத்தியோலே, ஜெர்மானியர் மூளை பிரெஞ்சுக்காரர் மூளையைவிட ஏறத்தாழ 100 கிராம் கூடுதல் என்று சுட்டினார். புரோக்கா உடனே உடற்பருமன், வயது முதலியவற்றைக் கணக்கிட்டுக் கழித்தார், வேறுபாடு மறைந்தது. ஆனால் ஆண் மூளை 1325 கிராம், பெண் மூளை 1144 கிராம் என்று அவரே எடையிட்டபோது, பெண்கள் உயரம் குறைந்தவர்கள் என்பதை ஒப்புக்கொண்டும் அதைக் கழித்துப் பார்க்கவில்லை. உயரத்தையும் வயதையும் ஸ்டீபன் ஜே கூல்ட் பின்னாளில் கழித்தபோது 181 கிராம் 113 ஆகக் குறைந்தது. (சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் நம்மவர் தலையையும் மூக்கையும் அளந்து சாதிவாரியாக அட்டவணையிட்டதும் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அவர் அட்டவணையில் உணவுக்கும் உழைப்புக்கும் எந்தக் கட்டம்?)

கணக்கில் கழிப்பதைவிட ஆட்களைத் தேர்வதிலேயே சமன்செய்வது மேல் என்பது என் எண்ணம். தென் போர்ச்சுக்கலில் மூத்த பெண்ணை வீட்டுவேலைக்கென நிறுத்திக்கொண்டு இளையவர்களைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. நமக்கும் அந்நியமானதல்ல. அங்கே எழுத்தறியாமைக்குக் காரணம் அறிவுக்குறை அன்று, பிறப்பு வரிசை. அத்தகைய ஒரே சூழலைச் சேர்ந்த எழுத்தறிந்த, அறியாத பெண்களைக் காஸ்த்ரோ கால்தாஸ் குழுவினர் 1998இல் ஒப்பிட்டனர். பொருளற்ற சொற்களைத் திரும்பச் சொல்கையில் இருசாரார் மூளையும் வேறுவிதமாக இயங்கியது.

எல்லாவற்றையும் கழித்துவிட்டால் போதுமே என்று தோன்றலாம். ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையில் பசைகளின் ஆவியை நாளெல்லாம் சுவாசிப்பவர்களின் மூளையை ஒருவர் படமெடுப்பதாகக் கொள்வோம். வேலையில் சேருமுன் பெற்ற பள்ளிப்படிப்பைச் சமன்செய்வது நியாயம். ஆனால் பணியாற்றிய ஆண்டுகளையும் கழித்தால், தேடிவந்த பாதிப்பே கணக்கிலிருந்து போய்விடும். ஆவி நினைவாற்றலைக் குன்றச்செய்து, அதனால் கூலியும் குறைந்திருந்தால், கூலியைச் சமன்செய்வதும் அதே பிழை. இதைப் புள்ளியியல் சொல்லித்தராது. எது முந்தியது, எது அதன் விளைவு என்று தொழிலை அறிந்தவரே சொல்ல முடியும். இன்னொன்றும் உண்டு: தலைசுற்றலும் கைநடுக்கமும் தாளாதவர்கள் முன்பே வேலையை விட்டிருப்பார்கள். தொழிற்சாலை வாசலில் ஆள்சேர்க்கும் ஆய்வாளர் கண்ணில் அவர்கள் படமாட்டார்கள்.