முகம் கடைசியில்தான் சொல்லும்

கைக்குழந்தையைப் பார்க்க வருபவர் முதலில் கிள்ளிப் பார்ப்பது கன்னத்தை. கொழுகொழுவென்று இருந்தால் பிள்ளை நன்றாகத் தேறிவருகிறது என்று சொல்லிவிட்டுப் போவார். புரத–ஆற்றல் ஊட்டக்குறைவைக் கண்டறிய இதைவிட மோசமான சோதனை கிடையாது. மராஸ்மஸ், குவாஷியோர்கர் என்னும் அதன் இரண்டு வடிவங்களிலும் முகம் மிகத் தாமதமாகவே நோயைக் காட்டுகிறது. மருத்துவப் பாடநூல்களின் படங்களோ இன்றும் முகத்தைத்தான் முன்னிறுத்துகின்றன.

மராஸ்மஸில் கொழுப்பு கரைவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அக்குளும் தொடை இடுக்கும், பிறகு தொடையும் பிட்டமும், அடுத்து மார்பும் வயிறும், கடைசியாகத்தான் கன்னம். இந்தியக் குழந்தை மருத்துவ நூல்கள் இதையே நான்கு படிகளாகக் கற்பிக்கின்றன. கன்னத்துக்குள் இருக்கும் கொழுப்புத் திண்டை உடல் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. அதுவும் கரைந்தபின் தெரிகிற கிழட்டு முகத்தைத்தான் நூல்கள் படமாகப் போடுகின்றன. அப்படம் எடுக்கப்படும்போது குழந்தை மூன்று படிகளைத் தாண்டியிருக்கும். பிட்டத்தின் தோல் தொளதொளத்த காற்சட்டைபோல் மடிந்து தொங்குவது அதற்கு முன்பே தெரியும். ஆனால் துணியைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

குவாஷியோர்கரில் ஏமாற்று வேறு விதம். நீர் முதலில் இரு பாதங்களிலும் கோக்கும். பின்பு கீழ்க்கால்களுக்கும் கைகளுக்கும் ஏறும். முகம் உப்புவது மூன்றாம் நிலை. இரண்டு புறங்காலிலும் பெருவிரலை வைத்து மூன்று நொடி அழுத்தி எடுக்க வேண்டும். இரண்டிலும் குழி விழுந்து அப்படியே நின்றால், தராசு என்ன சொன்னாலும் அது கடும் ஊட்டக்குறைவுதான். தராசு பெரும்பாலும் தவறாகவே சொல்லும், கோத்த நீருக்கும் எடை உண்டல்லவா? சிகிச்சை பலித்து வீக்கம் வடியும் நாட்களில் எடை இறங்குவதும் இதனால்தான். எடைக்கோடு இறங்க இறங்கக் குழந்தை தேறும் அபூர்வமான தருணம் அது.

இந்நோயை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ். இன்றைய கானாவான கோல்ட் கோஸ்ட்டில் பணியாற்றியபோது, மக்காச்சோளக் கஞ்சியையே நம்பி வளர்ந்த குழந்தைகளிடம் கண்ட வீக்கத்தையும் தோல் உரிதலையும் 1933இல் கட்டுரையாக வெளியிட்டார். இது பெலாக்ரா என்னும் வேறொரு நோயே என்று மருத்துவர் ஸ்டானஸ் மறுத்தார். பெலாக்ராவில் வெயில் படும் இடங்களில் தோல் கறுக்கும். குவாஷியோர்கரிலோ துணி மூடிய, உராயும் இடங்களில் கறுத்து, காய்ந்த வண்ணப்பூச்சுபோல் உரியும். வில்லியம்ஸின் கண்ணுக்கு இந்த வேறுபாடு தப்பவில்லை.

அதன்பின் பல பத்தாண்டுகள் புரதமே விவாதத்தின் மையமாயிற்று. புரதம் குறைந்தால் குவாஷியோர்கர், மொத்த உணவும் குறைந்தால் மராஸ்மஸ் என்ற கணக்கு எளிதாக இருந்தது. சேலத்தில் பிறந்து, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை வழிநடத்திய சி. கோபாலன் 1968இல் அதைக் கலைத்தார். ஒரே சமூகத்தில் ஏறக்குறைய ஒரே வகை உணவை உண்ட குழந்தைகளில் சிலருக்கு ஒரு வடிவமும் சிலருக்கு மற்றதும் வந்தன. பற்றாக்குறைக்கு உடல் தன்னைப் பழக்கிக்கொள்வதிலும், அது தோற்பதிலும்தான் வேறுபாடு என்றார் அவர். 1974இல் ஊட்டச்சத்து ஆய்வாளர் மெக்லாரன் புரத மோகத்தையே பெரும் தோல்வி என்று லான்செட் இதழில் சாடினார். காரணம் குறித்த வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் அடையாளம் காண்பதற்கு அது முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அதே 1974இல் பாக்தாத் மருத்துவர் ஷாகிரும், மருத்துவர் மோர்லியும் ஒரு மலிவான வழியைக் காட்டினார்கள்: மேல்கையைச் சுற்றி அளக்கும் மூவண்ண நாடா. ஒன்று முதல் ஐந்து வயதுவரை நலமான குழந்தையின் மேல்கைச் சுற்றளவு அதிகம் மாறுவதில்லை. அதனால் பிறந்த தேதி தெரியாத ஊரிலும் நாடா வேலை செய்யும். இடது கையைத் தளரத் தொங்கவிட்டு, தோள் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில், இறுக்காமலும் தளர்த்தாமலும் அளக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் கடும் ஊட்டக்குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆறு மாதம் நிரம்பாத சிசுக்கள் நெடுங்காலம் இந்த அளவுகோலுக்கு வெளியே நின்றனர். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு என்ன வந்துவிடும் என்ற நினைப்பு இதற்கு ஒரு காரணம். ஆனால் தேசிய குடும்பநல ஆய்வுகளை வயதுவாரியாகப் பிரித்தால், இந்தியாவில் உயரத்துக்கேற்ற எடையின்மை மிகுதியாக இருப்பதே அந்த வயதில்தான். 2019–21 ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 19.3 விழுக்காட்டினர் இவ்வாறு மெலிந்திருந்தனர், தமிழ்நாட்டில் 14.6. பச்சைக் குழந்தையிடம் பார்க்க வேண்டியவை வேறு: பால் உறிஞ்சும்போதே களைத்து உறங்குவது, எடை ஏறாமல் நிற்பது, அழுகை மெலிவது. “சாதுவான பிள்ளை, தொந்தரவே இல்லை” என்று வீட்டார் பெருமைப்படுவதுகூட சில நேரம் நோயின் அறிகுறி. ஊட்டமற்ற குழந்தை சத்தம் போடாது, சிரிக்காது, எதையும் எட்டிப் பிடிக்காது.

தமிழகம் இதில் ஒரு பாடத்தை முன்கூட்டியே கற்றிருந்தது. உலக வங்கி உதவியுடன் 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டது. ஒரு நாளின் எடையோடு நிற்காமல், எடைக்கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்றும் பார்த்துத் துணை உணவுக்கான குழந்தைகளைத் தேர்ந்தது. உடல் மெலிவதற்கு முன்பே கோடு படுத்துவிடும் என்பதால் அது சரியான முறை. இன்றைய அங்கன்வாடியில் எடை போடுவது நடக்கிறது. கோட்டைப் பார்த்துத் தாயிடம் பேசுவதற்குத்தான் நேரம் இருப்பதில்லை.

ஆகவே குழந்தை மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பேதிக்கோ காய்ச்சலுக்கோ தூக்கிவரப்படும் ஒவ்வொரு கைக்குழந்தையின் துணியையும் கழற்றி, அக்குளையும் பிட்டத்தையும் பார்த்து, இரு பாதங்களையும் அழுத்திய பிறகு மருந்துச் சீட்டை எழுதுங்கள்.