வண்ணாரப்பேட்டை அனுப்பிய ஜீவா

இப்போது மெட்ரோ ரயிலிலே வண்ணாரப்பேட்டையைத் தாண்டித் திருவொற்றியூர் போகிறோம். 1952 தேர்தலில் இந்த வண்ணாரப்பேட்டை யாரைச் சட்டசபைக்கு அனுப்பியது, தெரியுமா? ப. ஜீவானந்தம் அவர்களை! ஊருக்கெல்லாம் அவர் 'ஜீவா'.

1907 ஆகஸ்ட் 21-இல் நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் சொரிமுத்து. காங்கிரஸ், சுயமரியாதை இயக்கம், கம்யூனிஸ்ட் கட்சி என்று பாதை மாறியது, சிநேகம் மாறவில்லை. 1937-இல் 'ஜனசக்தி' ஆசிரியரானார். தொழிலாளர் மேடையில் பாரதியைப் பற்றிப் பேசியவர், காரைக்குடிக் கம்பன் விழாவிலும் பேசினார். பக்தரும் கேட்டார், நாத்திகரும் கேட்டார். முதலமைச்சர் காமராஜர் தாம்பரத்துக் குடிசைக்கே அவரைத் தேடிப் போனாராம். ஜீவா உடனே வெளியே வரவில்லை. துவைத்துப் போட்ட வேட்டி காயணும், மாற்று வேட்டி கிடையாது என்று இன்றும் சொல்கிறார்கள்.

1963 ஜனவரி 18-இல் காலமானபோது அவருக்கு வயது 55. 1959-இல் தொடங்கிய 'தாமரை' இதழையும், 1961-இல் உருவாக்கிய கலை இலக்கியப் பெருமன்றத்தையும் விட்டுச் சென்றார். பணம் காசு சேர்க்கவில்லை. சேர்த்ததெல்லாம் மனிதர்களைத்தான்.

எங்கள் ஆலையில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு லாக் புத்தகம் உண்டு. மேடையில் பேசியே வாழ்ந்த மனிதருக்கு, கேட்டவர்களின் ஞாபகம்தான் லாக் புத்தகம். 1952-இல் அவர் பேச்சைக் கேட்ட பிள்ளைகளுக்கே இன்று எண்பது தாண்டிவிட்டது. மாணவத் தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதி வையுங்கள். தள்ளிப்போட நேரமில்லை.