காஞ்சிபுரம் தறிகளும் சிறார் விளையாட்டும்

காஞ்சிபுரம் பட்டு நெசவின் வரலாற்றில் சிறார்களின் உழைப்புக்கும் இடம் உண்டு. சேலையின் அழகைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அதற்காகப் பிள்ளைகள் இழந்த விளையாட்டு நேரம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஓடியாடும் விளையாட்டு மூளை வளர்ச்சிக்கு உதவுகிறது என்று இன்று அறியப்பட்டுள்ளதால், அந்த இழப்பின் அளவு தெளிவாகத் தெரிகிறது.

கோர்வைத் தறியும் பிள்ளைகளும்

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறத்திலும் கரை வேறு நிறத்திலும் நெய்யப்பட்டு, ஊடை இழைகள் ஒன்றோடொன்று கோக்கப்படும். இதற்கு மூன்று நாடாக்கள் தேவை. குழித்தறியில் அமர்ந்த ஒருவரே மூன்றையும் கையாள்வது கடினம். எனவே, பக்கத்தில் ஓர் உதவியாள் அமர்ந்து ஒரு கரையின் நாடாவைச் செலுத்துவார். நெடுங்காலம் அந்த இடத்தில் சிறுவர் சிறுமியர் பலர் அமர்ந்தனர். பெற்றோருக்கு முன்பணம் கொடுத்துப் பிறர் பிள்ளைகளை வேலைக்கு வைக்கும் வழக்கமும் இருந்தது. கடன் தீரும்வரை பிள்ளை தறியை விட்டுப் போக இயலாது. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார் பற்றி மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் ஆராய்ந்தது.

விளையாட்டும் மூளையும்

ஆறு வயதுக்குள் குழந்தையின் மூளை, பெரியவர் மூளையின் அளவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. அடிக்கடி பயன்படும் நரம்பு இணைப்புகள் வலுப்பெறுகின்றன, பயன்படாதவை குறைகின்றன. 1960களில் அமெரிக்காவின் பெர்க்லியில் மார்க் ரோசன்ஸ்வைக், மேரியன் டயமண்ட் முதலியோர் எலிகளை வைத்து ஆய்வு செய்தனர். விளையாட்டுப் பொருள்களும் துணையும் இருந்த கூண்டில் வளர்ந்த எலிகளின் மூளைப் புறணி, தனியே அடைக்கப்பட்டவற்றின் புறணியைவிடத் தடித்திருந்தது. பின்னர் குழந்தைகளிடமும் ஆய்வுகள் நடந்தன. 9, 10 வயதுச் சிறார் 49 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. உடற்தகுதி மிக்கவர்களிடம் நினைவாற்றலுக்குரிய ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதி பெரிதாக இருந்ததாக அது தெரிவித்தது.

நம் தெருக்களில் ஆடப்படும் பாண்டியையே எடுத்துக்கொள்ளலாம். ஒற்றைக் காலில் நொண்டும்போது சமநிலையைக் காக்கச் சிறுமூளை இயங்குகிறது. சில்லை எறியக் கண்ணும் கையும் தூரத்தை அளக்கின்றன. கோட்டை மிதிக்காமல் தன்னைக் கட்டுப்படுத்துவதும், முறை வரும்வரை காத்திருப்பதும் முன்மூளைக்குப் பயிற்சி. தறியிலும் கைத்திறன் வளர்கிறது என்பது உண்மை. ஆனால் ஒரே இடத்தில் அமர்ந்து ஒரே அசைவை நாள் முழுவதும் திரும்பச் செய்யும் பிள்ளைக்கு, இத்தனை வகையான பயிற்சி கிடைப்பதில்லை.

சட்டங்களும் ஓர் இடைவெளியும்

1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் துணி நெசவைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஆயினும், குடும்பத்தார் துணையோடு நடக்கும் தொழிற்கூடங்களுக்கு விலக்களித்தது. வீடே தொழிற்கூடமான நெசவாளர் தெருக்களில் இந்த விலக்கு பெரிய ஓட்டையாயிற்று. 1992இல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்றது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு விளையாட்டிடம் வேண்டும் என்று விதித்தது.

2016இல் திருத்தப்பட்ட சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை எல்லாத் தொழில்களிலும் தடுத்தது. ஆனால், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் பிள்ளைகள் உதவலாம் என்றும் அது கூறுகிறது. பிள்ளைகள் விளையாடும் நேரமும் அதுவே.

இன்று

3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும், அதில் 60 நிமிடம் நன்கு ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்துக்கே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று பெயர். தறியிலிருந்து எழுந்து பள்ளிக்குச் சென்ற பிள்ளை, இன்று தொலைக்காட்சி முன்போ தனிவகுப்பிலோ மீண்டும் நெடுநேரம் அமர்ந்துவிட்டால் பெற்ற உரிமை பாதியாகிவிடும். மாலை நேரத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுப்பது பெற்றோர் கையில் உள்ளது.